உங்கள் பிளட் ரிப்போர்ட்டில் இருக்கும் பெயர்களைக் கொடுத்தவர்: பால் எர்லிக் கண்டது என்ன, தவறவிட்டது என்ன?

ஹெல்த் செக்கப் முடிந்த மறுநாள் போனுக்கு ஒரு பிடிஎஃப் வரும். முதல் பக்கத்திலேயே சிபிசி. நியூட்ரோஃபில் இவ்வளவு, லிம்போசைட் இவ்வளவு, ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில் என்று வரிசையாக சதவீதங்கள். எதுவும் போல்டு எழுத்தில் இல்லை என்றால் அப்படியே ஸ்க்ரோல் செய்துவிட்டு சுகர், கொலஸ்ட்ரால் பக்கம் போய்விடுவீர்கள், இல்லையா?

அந்த ஐந்து பெயர்களில் மூன்றுக்குப் பின்னால் இருப்பவர் ஒரே ஆள். பெயர் பால் எர்லிக். ஜெர்மன் டாக்டர். சிஃபிலிஸ் நோய்க்கு உருப்படியான முதல் மருந்தைக் கொடுத்தவர். 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். கீமோதெரபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஆனால் ரத்த செல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியில் இவ்வளவு பெரிய ஆள் சறுக்கினார். ஏன் சறுக்கினார் என்பது முழுசாகப் புரிய, அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆனது. விடை, அவர் காலத்து மைக்ரோஸ்கோப்பால் பார்க்கவே முடியாத சில புரோட்டீன்களிடம் இருந்தது.

கையில் எப்போதும் சாயக் கறை

எர்லிக் பிறந்தது 1854 மார்ச் 14. ஊர் ஸ்ட்ரேலன். அன்றைக்கு பிரஷ்யா, இன்றைக்கு போலந்து. யூதக் குடும்பம். அப்பா விடுதி நடத்தியவர், மது வகைகள் தயாரித்தவர்.

அவர் பிறந்து இரண்டு வருடத்தில், 1856-ல், இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து ஊதா நிற செயற்கைச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அடுத்த சில வருடங்களில் ஜெர்மன் தொழிற்சாலைகள் கலர் கலராகச் சாயங்களைத் தயாரித்துத் தள்ள ஆரம்பித்தன. துணிக்காக வந்த சாயங்கள்தான். எர்லிக்கின் வாழ்க்கையை மாற்றியதும் அவைதான்.

அவருடைய அம்மா வழி உறவினர் கார்ல் வைகெர்ட், நோய்க்கூறு ஆராய்ச்சியாளர். புதுச் சாயங்களை வைத்து திசுக்களையும் பாக்டீரியாக்களையும் பார்க்க முயன்ற முதல் ஆட்களில் ஒருவர். தன்னைவிட ஒன்பது வயது மூத்த அவரைப் பார்த்து எர்லிக்குக்கும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது.

பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃப்ரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராக மருத்துவம் படித்தார். பாடத்தைவிட சாயத்தில்தான் கவனம். ஏன் ஒரு சாயம் ஒரு இடத்தில் மட்டும் ஒட்டுகிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் ஒட்டுவதில்லை? இந்த ஒரே கேள்வியைத்தான் வாழ்நாள் முழுக்க விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

1878-ல் லைப்சிக்கில் டாக்டர் பட்டம். ஆய்வின் தலைப்பே திசுக்களுக்குச் சாயமேற்றுவது பற்றியதுதான். அலர்ஜி வந்தால் இன்று அடிக்கடி பேசப்படும் மாஸ்ட் செல்களை அதில்தான் விவரித்தார். அப்போது வயது 24.

ரத்தத்துக்கு நிறம் கொடுத்த வேலை

படிப்பு முடிந்ததும் பெர்லினில் இருக்கும் சாரிட்டே மருத்துவமனையில் வேலை. அங்கே தலைவர் தியோடர் ஃப்ரெரிக்ஸ். இளைஞரின் ஆர்வத்தைப் பார்த்து, நோயாளிகளைக் கவனிக்கும் வேலையோடு ஆராய்ச்சிக்கும் நேரம் விட்டுக்கொடுத்தார்.

அந்தக் காலத்தில் வெள்ளை அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நிறமில்லாத உருண்டைகளாகத்தான் தெரியும். சிலவற்றில் பொடிப் பொடியாகத் துகள்கள் இருக்கும். எது எந்த வகை என்று உறுதியாகப் பிரிக்க வழி இல்லை.

எர்லிக் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி, காய வைத்து, செம்புத் தகட்டின் மேல் சூடாக்கி செல்களை அப்படியே நிலைநிறுத்தினார். பிறகு சாயம் ஏற்றினார். அமிலத்தன்மை கொண்ட சாயம், காரத்தன்மை கொண்ட சாயம், இரண்டும் கலந்த நடுநிலைச் சாயம் என்று மூன்று வகை.

ஈசின் என்ற அமிலச் சாயத்தை இழுத்துக்கொண்டு ஆரஞ்சு, சிவப்பாக ஜொலித்த துகள்கள் கொண்ட செல், ஈசினோஃபில். காரச் சாயத்தை இழுத்தது பேசோஃபில். நடுநிலைக் கலவையை ஏற்றது நியூட்ரோஃபில். எந்தச் சாயத்தை விரும்புகிறதோ அதுவே பெயர். அவ்வளவுதான்! 1880-களின் தொடக்கத்தில் முடிந்துவிட்ட இந்தப் பெயர் சூட்டல்தான் இன்றும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ரத்தசோகை நோயாளிகளின் ரத்தத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இருக்காது. ஆனால் சில நோயாளிகளிடம் உட்கருவோடு சிவப்பணுக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதாவது முழுசாக வளராமலே வெளியே வந்துவிட்ட இளம் செல்கள். ரத்த செல்லுக்கும் குழந்தைப் பருவம் உண்டு என்பதை அவர் சாயம் போட்டே காட்டினார்.

21 வயதுப் பெண்ணின் மரணம்

1888-ல் 21 வயது கர்ப்பிணிப் பெண் ஒருவர் கடும் ரத்தசோகை, காய்ச்சல், ரத்தக்கசிவு என்று வேகமாக நலிந்து இறந்துபோனார். எர்லிக் அவரது எலும்பைப் பரிசோதித்தார். சிவப்பாக இருக்க வேண்டிய மஜ்ஜை, மஞ்சள் கொழுப்பாக இருந்தது. ரத்த செல்கள் எங்கோ அழிந்துபோகவில்லை, அவற்றைச் செய்யும் தொழிற்சாலையே நின்றுவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். இன்று அப்ளாஸ்டிக் அனீமியா என்று அழைக்கப்படும் நோயின் முதல் பதிவு அது.

அதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஆதரவாக இருந்த ஃப்ரெரிக்ஸ் 1885-ல் இறந்துவிட்டார். புதிதாக வந்த தலைவருக்கு இந்தச் சாய ஆராய்ச்சியில் பெரிய நாட்டமில்லை. 1888-ல் எர்லிக் தன் சளியையே சோதித்துப் பார்த்தார். காசநோய்க் கிருமி இருந்தது. அந்தக் கிருமியைத் தெளிவாகப் பார்ப்பதற்கான சாய முறையை 1882-ல் மேம்படுத்திக் கொடுத்தவரே அவர்தான்!

மனைவி ஹெட்விக்கை அழைத்துக்கொண்டு வெயில் தேடி எகிப்துக்குப் போனார். 1889-ல் உடல் தேறி பெர்லின் திரும்பியபோது கையில் வேலை இல்லை. சின்னதாக ஒரு சொந்த லேப் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். பிறகு ராபர்ட் கோக் தன் நிறுவனத்தில் இடம் கொடுத்தார்.

அங்கே எமில் பெரிங் டிப்தீரியாவுக்கு சீரம் மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் மருந்தின் வீரியம் வேறு வேறாக இருந்ததுதான் பிரச்சினை. அதை அளந்து ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் முறையை உருவாக்கியவர் எர்லிக். ஆனால் 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பெரிங் ஒருவருக்கு மட்டுமே போனது. இருவரின் நட்பும் கசந்துபோனது.

606-வது முயற்சி

1899-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவருக்கென்று ஒரு ஆராய்ச்சி நிறுவனம் கிடைத்தது. 1906-ல் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. வங்கியாளர் கியோர்க் ஷ்பையரின் மனைவி ஃப்ரான்சிஸ்கா, கணவர் நினைவாகக் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் அது.

அறை முழுக்க புத்தகக் குவியல். உட்கார வந்தவர்களுக்கு நாற்காலி காலியாக இருக்காது. ஒரு நாளைக்கு சுமார் 25 சுருட்டு. அக்குளில் சுருட்டுப் பெட்டி, கையில் கலர் சீட்டுகள். உதவியாளர்களுக்கு அன்றைய வேலையை அந்தச் சீட்டுகளில் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

1908-ல் நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுக்காக இலியா மெச்னிகாஃபுடன் நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் உலகமே அவர் பெயரைச் சொன்னது அதற்கு அடுத்துதான்.

சாயம் குறிப்பிட்ட செல்லில் மட்டும் ஒட்டுகிறது என்றால், கிருமியில் மட்டும் ஒட்டி அதைக் கொல்லும் மருந்தும் சாத்தியம்தானே? இதுதான் அவருடைய புகழ்பெற்ற 'மேஜிக் புல்லட்' யோசனை. ஆர்சனிக், அதாவது பாஷாணம் சார்ந்த சேர்மங்களை அவரது குழுவினர் நூற்றுக்கணக்கில் தயாரித்துச் சோதித்தார்கள். 1909-ல் ஜப்பானில் இருந்து வந்திருந்த சகாச்சிரோ ஹாட்டா, 606 என்ற எண் கொண்ட சேர்மம் முயல்களில் சிஃபிலிஸ் கிருமியை அழிப்பதைக் கண்டார். 1910-ல் அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

புகழோடு வசவும் வந்தது. மருந்தைச் செலுத்துவது கடினம். தவறாகச் செலுத்தியதில் சிலர் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். எர்லிக்கைப் பணத்தாசை பிடித்தவர் என்று எழுதினார்கள். யூத வெறுப்பும் அதில் கலந்திருந்தது. விவகாரம் 1914-ல் நீதிமன்றம் வரை போய், அவதூறு பரப்பியவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு ஃப்ராங்க்ஃபர்ட்டில் பல்கலைக்கழகம் தொடங்கியபோதுதான் எர்லிக் அங்கே முழுப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு 60 வயது. அடுத்த ஆண்டு, 1915 ஆகஸ்ட் 20 அன்று, பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் இறந்துபோனார்.

சரி, எங்கே சறுக்கினார்?

இப்போது ரத்தத்துக்குத் திரும்புவோம். 1898-ல் ரத்தசோகை பற்றி அடால்ஃப் லாசரஸுடன் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார் எர்லிக். வெள்ளை அணுக்களில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் உண்டு என்பது அவரது உறுதியான கருத்து. துகள்கள் உள்ள செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சு போன்ற இடங்களில் பிறப்பவை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை கிடையாது, ஒன்று மற்றொன்றாக மாறவும் முடியாது.

அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. சாயத்தில் இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. ரத்தப் புற்றுநோயிலும் இரண்டு வகை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எர்லிக் பார்த்தது உலர்த்திச் சூடாக்கிய, உயிரில்லாத செல்லை. அது போட்டோ. செல் வளர்வதோ வீடியோ. ஒரே வீட்டில் பிறந்த இருவர் நாற்பது வயதில் வேறு வேறு யூனிஃபார்மில் நிற்கும் போட்டோவைப் பார்த்தால், அவர்கள் ஒரே தாயின் பிள்ளைகள் என்று எப்படித் தெரியும்?

அவர் உயிரோடு இருக்கும்போதே எதிர்க் குரல் எழுந்தது. ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாந்தர் மக்சிமோவ் 1909-ல் பெர்லினில் பேசியபோது, எல்லா ரத்த செல்களுக்கும் ஒரே பொதுவான தாய் செல் உண்டு என்று வாதிட்டார். விவாதம் பல பத்தாண்டுகள் முடிவில்லாமல் ஓடியது.

1961-ல் கனடாவின் டொரான்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைத்தன. ஒரு முடிச்சு ஒரே செல்லில் இருந்து வளர்ந்தது என்பதும், அதற்குள்ளேயே பல வகை ரத்த செல்கள் இருப்பதும் அடுத்தடுத்து நிரூபணமானது. லிம்போசைட்டுகளின் வேரும் அதே தாய் செல்தான் என்பது பிறகு தெரிந்தது. ஸ்டெம் செல் என்று இன்று அழைப்பது அதைத்தான்.

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்: செல்லுக்குள் இருக்கும் சுவிட்ச்

தாய் ஒன்று என்றால் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வித்தியாசம்? உங்கள் மஜ்ஜை ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது. கூடவே விதவிதமான வெள்ளை அணுக்கள். எது என்னவாக வேண்டும் என்று யார் முடிவு செய்வது?

டிஎன்ஏவை ஒரு பெரிய சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20,000 ரெசிபிகள். கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் அதே புத்தகம்தான். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வித்தியாசம். அந்தப் பக்கங்களைத் திறக்கும், மூடும் புரோட்டீன்கள்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள். தமிழில் படியெடுத்தல் காரணிகள். மனித உடலில் இவை சுமார் 1,600 உண்டு.

ரத்தத்தில் இரண்டு பெயர்கள் முக்கியம். ஒன்று காட்டா-1. டிஎன்ஏவில் ஜி, ஏ, டி, ஏ என்ற எழுத்துகள் வரிசையாக வரும் இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். ஹீமோகுளோபின் உட்பட சிவப்பணுவுக்குத் தேவையான பல பக்கங்களைத் திறப்பது இதுதான். காட்டா-1 இல்லாத எலிக் கருக்கள் ரத்தசோகையால் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன.

இன்னொன்று பியூ-1. நியூட்ரோஃபில், மோனோசைட் பக்கம் இழுப்பது இது. காட்டா-1 ஓங்கினால் பியூ-1 அடங்கும், பியூ-1 ஓங்கினால் காட்டா-1 அடங்கும். ஒரு இளம் செல்லுக்குள் நடக்கும் கயிறிழுப்பு போட்டி மாதிரி. ஆனால் இவர்கள் இருவர் மட்டும் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. இன்னும் பல காரணிகள் கூட்டாக வேலை செய்கின்றன, ஒவ்வொன்றின் அளவும் முக்கியம்.

இங்கேதான் எர்லிக்கின் சுவர் விழுகிறது. பியூ-1 இல்லாத எலிகளில் நியூட்ரோஃபில் குடும்பம் மட்டும் பாதிக்கப்படவில்லை. லிம்போசைட்டின் ஒரு வகையான பி செல்லும் உருவாகவில்லை. அவர் பிரித்து வைத்த இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவிட்ச் தேவைப்பட்டது!

2004-ல் தாமஸ் கிராஃபின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எலியின் பி செல்லுக்குள் சிஇபிபி-ஆல்ஃபா என்ற ஒரே ஒரு காரணியைச் செலுத்தியதும், அது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜாக மாறியது. எர்லிக் ஒருபோதும் நடக்காது என்று நினைத்த தாவல் அது. உடலில் இயல்பாக இப்படி நடப்பதில்லை, லேபில் நடத்திக் காட்டினார்கள்.

அவர் பெயர் வைத்த ஈசினோஃபிலுக்கும் ஒரு கதை உண்டு. எலிகளில் காட்டா-1 ஜீனை இயக்கும் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டை மட்டும் நீக்கினால் ஈசினோஃபில்களே இல்லாமல் போவதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் ஆரஞ்சுத் துகள்கள் வருமா வராதா என்பதே ஒரு சுவிட்சின் கையில்.

அதற்காக எர்லிக் முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. லிம்பாய்டு, மைலாய்டு என்ற இரண்டு கிளைகள் நிஜம். ரத்தப் புற்றுநோய்களை டாக்டர்கள் இன்றும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். கிளைகளைச் சரியாகப் பார்த்தார். மண்ணுக்குள் இருந்த வேர்தான் தெரியவில்லை.

சுவிட்ச் பழுதானால்?

இது வெறும் லேப் சமாச்சாரம் இல்லை. அந்த 21 வயதுப் பெண்ணுக்கு வந்த வகை நோய்க்குப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே காரணமாகிறது. ஆனால் காட்டா-2 என்ற ஸ்டெம் செல் காரணியின் ஜீனில் பிறவிப் பழுது இருந்தாலும் மஜ்ஜை செயலிழக்கலாம் என்று 2011-ல் தெரியவந்தது.

இன்னொரு உதாரணம் ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோய். இதில் 15, 17-வது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் வேறொரு புரோட்டீனுடன் ஒட்டிப் பிறக்கிறது. அந்த ஒட்டுப் புரோட்டீன், செல் முதிர்வதற்கான பக்கங்களைப் பூட்டிவிடுகிறது. இளம் செல்கள் வளராமல் அப்படியே குவிகின்றன. கட்டுக்கடங்காத ரத்தக்கசிவில், சில நாட்களிலேயே உயிர் போகக்கூடிய நோயாக இது இருந்தது.

மருந்து எது தெரியுமா? ஒன்று வைட்டமின் ஏ-யில் இருந்து வரும் ஒரு பொருள். 1980-களில் ஷாங்காய் டாக்டர்கள் இதைக் கொடுத்தபோது புற்றுசெல்கள் சாகாமல் முதிர்ந்தன. இன்னொன்று, எர்லிக் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய அதே ஆர்சனிக்! சால்வர்சான் வேறு சேர்மம், இது ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு. 1970-களில் சீனாவின் ஹார்பின் நகரில் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த ஒட்டுப் புரோட்டீனையே குறிவைத்து அழிக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது.

இதில் வேலூருக்கும் பங்கு உண்டு. 1998 முதல் 2004 வரை, சிஎம்சி மருத்துவமனையில் புதிதாக ஏபிஎல் கண்டறியப்பட்ட 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரை ஆக்சைடை மட்டும் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். சுமார் 86 சதவீதம் பேரிடம் நோய் முழுமையாகக் கட்டுப்பட்டது. விலை உயர்ந்த கீமோதெரபி இல்லாமலே இது முடியும் என்று காட்டிய முக்கியமான ஆய்வு அது. இன்று இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, பெரும்பாலான நோயாளிகளைக் குணப்படுத்துகிறார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து இது. நாட்டுவைத்தியமாக முயன்றால் உயிருக்கே ஆபத்து.

அழிக்கப்பட்ட பெயர்

எர்லிக் இறந்த பிறகும் அவர் கதை முடியவில்லை. நாஜி ஆட்சியில், யூதர் என்பதால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவர் பெயரில் இருந்த தெருவின் பெயரை மாற்றினார்கள். வயதான ஹெட்விக் நாட்டை விட்டே போக நேர்ந்தது. போருக்குப் பிறகு பெயர் திரும்பி வந்தது. யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் இருந்தது எர்லிக்கின் முகம்தான்.

அந்த ஆட்சி எத்தனையோ இடங்களில் அவர் பெயரை அழித்தது. ஆனால் அவர் வைத்த பெயர்களை அழிக்க முடியவில்லை. அன்றைய ஜெர்மன் மருத்துவமனைகளும் ரத்தத்தை எடுத்து, நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தன. அடுத்த முறை அந்த பிடிஎஃப் வரும்போது சிபிசி பக்கத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அங்கே ஐந்து பெயர்கள் இருக்கும். ஐந்தும் ஒரே தாயின் பிள்ளைகள்.